சிப்பியும் எறாலும் தின்னுட்டே எடை குறைக்க முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல எடை குறைக்கிறதப் பத்தி எழுதும்போது "வாரத்துல ரெண்டு மூணு நாள் மீன் வச்சுக்கோங்க"ன்னு ஒரே ஒரு வரி போட்டுட்டுப் போயிட்டேன். அதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல மீனப் பத்தியே இல்ல, எறால், சிப்பி, நண்டு, கணவாய், சிங்கி எறால்னு ஓடு உள்ளதும் இல்லாததுமா வந்து குமிஞ்சு கிடக்கு. ஆரோக்கியபுரத்துல இருந்து நீரோடி வரைக்கும் கடல்கரையா கிடக்குற நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இது நடக்கும்னு எனக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கணும். சரி, இந்தத் தடவ முழுக்க அதுதான்.

குளச்சல் பக்கத்துல இருந்து ஒரு வாசகி: அக்கா, எனக்கு வயசு 38, உயரம் 160 செ.மீ, எடை 74 கிலோ. எடை குறைக்க ஒரு இடத்துல பணம் கட்டி டயட் சார்ட் வாங்கினேன். அதுல பனீர், சால்மன், ப்ரோக்கோலின்னு எழுதிக் குடுத்திருக்காங்க. எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போறவரு, எறாலும் சிப்பியும் வீட்டுக்கு சும்மா வருது. அத விட்டுட்டு சால்மனுக்கு எங்க போக? இதையெல்லாம் தின்னா எடை கூடும்னு சொல்றாங்களே, நெசமா?

மக்களே, மொதல்ல அந்த சார்ட்ட மடிச்சு அலமாரியில வைங்க. சால்மன் நல்ல மீன்தான், ஆனா பண்ணையில வளர்க்கிற சால்மன்ல 100 கிராமுக்கு 200 கலோரிக்கு மேல வரும். உங்க வீட்டுக்கு சும்மா வர்ற எறால்ல ஓடு, தலை எல்லாம் களைஞ்ச சதை 100 கிராமுக்கு 85 கலோரிதான், புரதம் 20 கிராம், கொழுப்பு ஒண்ணுமே இல்லன்னு சொல்ற அளவுக்குக் கம்மி. நண்டும் அதே கணக்குதான், அவிச்ச நண்டுச் சதை 100 கிராமுக்கு 83 கலோரி, புரதம் 18. கணவாய் பச்சையா 92. சிப்பி கொஞ்சம் கூட, அவிச்ச சதை 100 கிராமுக்கு 170 கலோரி பக்கம் வரும், ஆனா புரதமும் 24 கிராம் தரும், அதோட இரும்புச்சத்து, பி12 ரெண்டும் அள்ளித் தரும் (இது வெளிநாட்டு நீலச் சிப்பிக்கு அளந்த கணக்கு, நம்ம பாறையில பிடிக்கிற பழுப்புச் சிப்பிக்கு முன்ன பின்ன இருக்கும்). எடை குறைக்கிறவங்களுக்கு வேண்டியது வயிறும் நிறையணும் கலோரியும் குறையணும், அதுக்கு இத விட வேற என்ன வேணும்?

அப்புறம் ஏன் "எறால் தின்னா குண்டாகும்"னு சொல்றாங்கன்னா, எறால யாரும் தனியா தின்றதில்ல. போன வாரம் எங்க வீட்டு அடுக்களையில ஒரு கூத்து பண்ணினேன். கால் கிலோ, சுத்தம் பண்ணின எறால், மசாலா பெரட்டி வச்சாச்சு. பொரிக்கிறதுக்கு முன்ன தேங்காஎண்ணெய் பாட்டில டிஜிட்டல் தராசுல வச்சு எடை பாத்தேன், பொரிச்சு முடிச்சதும் சட்டியில மிச்சம் கிடந்த எண்ணெய அதே பாட்டில்ல வடிச்சு ஊத்திட்டுத் திரும்பப் பாத்தேன், 34 கிராம் காணல. கொஞ்சம் சட்டியில ஒட்டியிருக்கும், கொஞ்சம் பேப்பர் உறிஞ்சியிருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா 34 கிராம் எண்ணெய்னா 306 கலோரி. அந்தக் கால் கிலோ எறாலோட கலோரி எவ்வளவு தெரியுமா, 212. எண்ணெயத்தான் நாம தின்னுட்டு இருக்கோம், எறால் சும்மா கூட வருது! எங்க அம்மா பக்கத்துல நின்னு "இதையெல்லாம் எடை போட்டா குடும்பம் நடத்துவாங்க"ன்னு முனகிட்டே ரெண்டு எறால எடுத்து வாயில போட்டுட்டுப் போனாங்க.

ரெண்டாவது ஆளு மரச்சீனி, அதான் மரவள்ளிக்கிழங்கு. சிப்பி இருந்தா கிழங்கு வேணும், எனக்கும் தெரியும், நானும் இந்த ஊருதான். கிழங்குல 100 கிராமுக்கு 160 கலோரி, அந்தக் கலோரியில முக்காவாசிக்கு மேல மாவுச்சத்துல இருந்து வர்றது. ஒரு கோப்பை நிறைய வச்சா சாதாரணமா 300 கிராம் போயிரும், 480 கலோரி ஆச்சு. அதுக்கு மேல சோறு வேற. கிழங்கு தின்ற அன்னைக்கு சோறு வேண்டாம், சோறு தின்ற அன்னைக்கு கிழங்கு வேண்டாம், அவ்வளவுதான். கிழங்க ஒரேடியா நிறுத்துங்கன்னு நான் சொன்னா நீங்க ரெண்டாவது வாரமே என்னையும் அலமாரியில மடிச்சு வச்சிருவீங்க.

தேங்காவுக்கு நான் அவ்வளவு பயப்பட மாட்டேன். ஒரு மூடி துருவினா நூறு நூத்திருபது கிராம் தேறும், 350ல இருந்து 425 கலோரி. நாலு பேரு திங்கிற கறியில அது போனா ஆளுக்கு நூறு. அத அரைச்சு ஊத்தி குழம்பு வைங்க, ஆனா அதே நேரம் தனியா பொரிக்கவும் செய்யாதீங்க. நம்மாளுக வழக்கம் எப்படின்னா கறியும் வேணும், பொரிச்சதும் வேணும், துவரனும் வேணும், மூணுலயும் தேங்கா, தாளிக்கவும் தேங்காஎண்ணெய்.

உங்களுக்கு நான் சொல்றது இப்படி: மத்தியானம் சுத்தம் பண்ணின எறால் 150 கிராம், இல்லன்னா அவிச்ச சிப்பி சதை 100 கிராம் (எடை போடுறது ஓட்டோட இல்ல, ஓடு கழிஞ்ச பிறகு, நூறு சிப்பி வாங்கினேன்னு பயந்து போய் எழுதாதீங்க, உள்ள இருக்கிறது கொஞ்சம்தான்). மாங்காயும் முருங்கைக்காயும் போட்டு கறி, ஒரு அகப்பை சம்பா அரிசிச் சோறு, தட்டுல பாதிக்கு தடியங்காயோ பயறோ கீரையோ. 150 கிராம் எறால்லயே 30 கிராம் புரதம் வந்துரும். ராத்திரிக்கு முட்டை, பருப்பு, இல்ல மீன் அவிச்சது. வாரத்துல மூணு நாலு நாள் இது போதும், மிச்ச நாளுக்கு சாளையும் நெத்திலியும் இருக்கே. வாரம் அரை கிலோ குறைஞ்சா போதும், முதல்ல 70க்கு வாங்க. மொத்த எடையில 5 சதவீதம் குறைஞ்சாலே சுகர், பிரஷர்ல மாற்றம் தெரியும்.

சிப்பி செய்ய எண்ணெயே வேண்டாம்ங்கிறது நிறையப் பேருக்குத் தெரியாது. ஓட்ட நல்லா சுரண்டிக் கழுவி, ஒட்டியிருக்க நாரப் பிடுங்கி, கனமான சட்டியில ரெண்டு கை தண்ணி மட்டும் தெளிச்சு மூடி வச்சா அதுவே வாய் திறக்கும். சதைய எடுத்து நடுவுல மண்ணு இருந்தா அலசிட்டு, நல்லமிளகு, பூண்டு, சின்ன உள்ளி, கறிவேப்பிலை சதைச்சுப் போட்டு அடுப்புல பெரட்டினா போதும், கடைசியா ஒரு டீஸ்பூன் தேங்காஎண்ணெய் மணத்துக்கு. சிப்பி விட்ட தண்ணிய கீழ ஊத்திராதீங்க, மண்ணு அடியில தங்கினதும் மேலால தெளிச்சு எடுத்து கறியில சேருங்க, உப்பு போடுறதுக்கு முன்ன மட்டும் ருசி பாத்துக்கோங்க, அதுலயே உப்பு கெடக்கும்.

தக்கலையில இருந்து ஒரு வாசகர், வயசு 52: எடை 86 கிலோ, கொலஸ்ட்ரால் 240ன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. எறால், கணவாய் தொடவே கூடாதுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. சிக்கன் மட்டும் தின்னுட்டு இருக்கேன், வெறுத்துப் போச்சு.

சார், எறால்ல கொலஸ்ட்ரால் இருக்கு, அத மறைக்க வேண்டாம். வேகவச்ச எறால் 100 கிராமுக்கு 190 மில்லிகிராம் பக்கம், அது ஏறக்குறைய ஒரு முட்டையில இருக்கிற அளவு. கணவாய்ல இன்னும் கூட, 230. நண்டுல அதுல பாதி கூட வராது, சிப்பியில இன்னும் கம்மி. ஆனா ரத்தத்துல கெட்ட கொலஸ்ட்ரால ஏத்துறதுல பெரிய பங்கு நாம திங்கிற கொலஸ்ட்ராலுக்கு இல்ல, நிறைவுற்ற கொழுப்புக்குத்தான், எறால்ல அது இல்லாத மாதிரிதான். 1996ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, தினமும் 300 கிராம் எறால் குடுத்துப் பாத்தாங்க, கெட்ட கொலஸ்ட்ரால் எல்டிஎல் 7 சதவீதம் ஏறுச்சு, கூடவே நல்ல கொலஸ்ட்ரால் எச்டிஎல் 12 சதவீதம் ஏறுச்சு, ரத்தத்துல இருக்கிற இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு இறங்குச்சு. அதுல இருந்தவங்க கொலஸ்ட்ரால் பிரச்சனை இல்லாதவங்க, உங்களுக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல மாட்டேன், தினமும் 300 கிராம் தின்னுங்கன்னும் சொல்லல. வாரத்துல ஒரு நாள் ரெண்டு நாள், 100 கிராம், கறியா வச்சு சாப்பிட்டுட்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப ரத்தம் குடுத்துப் பாருங்க, அந்த ரிப்போர்ட்ட டாக்டர்ட்ட காட்டுங்க. ஏற்கனவே ஹார்ட் பிரச்சனையோ சுகரோ இருந்தா அவருகிட்ட கேட்டுட்டு தொடங்குங்க, மாத்திரை எழுதிக் குடுத்திருந்தா அத நிறுத்தக் கூடாது.

ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காதீங்க. அந்த சிக்கன நீங்க தோலோடவா தின்றீங்க? பொரிச்சா? பரோட்டாவோடயா? தேங்காஎண்ணெய்ல 80 சதவீதத்துக்கு மேல நிறைவுற்ற கொழுப்பு, பரோட்டாவுக்கு ஊத்துறது என்னன்னு கடைக்காரருக்குத்தான் வெளிச்சம். எறால பழி சொல்றதுக்கு முன்ன அத எண்ணிப் பாருங்க.

மார்த்தாண்டத்துல இருந்து ஒரு காலேஜ் மாணவர்: ஜிம்முக்குப் போறேன். ட்ரெய்னர் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்றாரு, டப்பா மூவாயிரம் ரூபா சொல்றாங்க. அதுக்குப் பதிலா சிப்பி தின்னா ஆகாதா?

ஆகும் தம்பி. பவுடர் ஒரு ஸ்கூப்ல 24, 25 கிராம் புரதம்னு டப்பாவுல போட்டிருப்பான், அதுதான் அவிச்ச சிப்பி சதை 100 கிராம்ல இருக்கு, 120 கிராம் எறால்லயும் இருக்கு. ஒரே சிக்கல், ஜிம் முடிஞ்சு பஸ் ஸ்டாண்டுல நின்னு சிப்பி உரிக்க முடியாது. அந்த நேரத்துக்கு ரெண்டு அவிச்ச முட்டையும் ஒரு மட்டிப்பழமும் பைக்குள்ள போட்டுக்கோ.

நாகர்கோவில்ல இருந்து ஒரு வாசகி: சிப்பி கடல்தண்ணிய வடிகட்டித்தான் வாழுது, கழிவெல்லாம் அதுக்குள்ள இருக்கும், டயட்டுன்னு வாரவாரம் தின்னா உடம்புக்குக் கேடுன்னு என் பையன் சொல்றான். தின்னலாமா வேண்டாமா?

பையன் சொல்றது பாதி சரி. சிப்பி தண்ணிய உறிஞ்சி அதுல கெடக்கிற நுண்ணுயிர வடிகட்டித் தின்னுட்டுத்தான் வாழுது, அதனால தண்ணியில எது இருந்தாலும் அதுக்குள்ள சேரும். சாக்கடை வந்து விழுற இடத்துல, துறைமுகத்துச் சுவருல, படகு டீசல் மிதக்கிற இடத்துல ஒட்டியிருக்கிறதத் தின்னாதீங்க. எந்தப் பாறையில எடுத்ததுன்னு கேட்டு வாங்குங்க, முங்கி எடுக்கிறவங்க சொல்லுவாங்க, கேக்கதுல ஒரு வெக்கமும் வேண்டாம். கடல் திடீர்னு செவப்பாவோ பச்சையாவோ நிறம் மாறிக் கிடந்தா அந்த நாட்கள்ல சிப்பி பக்கமே போகாதீங்க. சில பாசியோட விஷம் சிப்பிக்குள்ள தங்கிரும், அது எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது. நமக்குப் பக்கத்துல விழிஞ்ஞத்துல 1997ல சிப்பி தின்னு ஆளுக செத்தே போயிருக்காங்க. தின்ன கொஞ்ச நேரத்துல உதடு, நாக்கு மரத்துப் போற மாதிரி இருந்தா வீட்டுல சுக்குத்தண்ணி போட்டுட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

வீட்டுல பாக்க வேண்டியது ரெண்டுதான். சமைக்கும் முன்ன வாய் திறந்து கிடக்கிறத விரலால தட்டிப் பாருங்க, மூடலன்னா அது செத்தது, தூரப் போடுங்க. வெந்த பிறகு வாய் திறக்காததயும் கத்தி வச்சு நெம்பித் திறக்க வேண்டாம், அதையும் போடுங்க. காசு குடுத்து வாங்கினோமேன்னு அங்கதான் மனசு கேக்காது.

முட்டத்துல இருந்து ஒரு வாசகி: மூணு மாசமா டயட்டுக்காக எறால் கூடுதலா சாப்பிடுறேன். இப்ப ரெண்டு தடவ சாப்பிட்ட உடனே உதடு அரிச்சுத் தடிச்சுது, உடம்புல தடிப்பு வந்துச்சு. சின்ன வயசுல இருந்து தின்றேன், இதுவரைக்கும் ஒண்ணும் வந்ததில்ல. சரியா கழுவாததாலயா?

இல்லம்மா, இது கழுவுற விஷயம் இல்ல, அலர்ஜி மாதிரிதான் தெரியுது. பெரியவங்களான பிறகு புதுசா வர்றது இதுல சகஜம். எறால், நண்டு, சிங்கி எறால் எல்லாத்துலயும் ட்ரோபோமயோசின்னு ஒரு புரதம் இருக்கு, சூட்டுல அது அழியாது, அதனால இன்னும் நல்லா வேகவைக்கிறேன்னு முயற்சி பண்ணாதீங்க. சிலருக்கு எறால் வேகுற ஆவி பட்டாலே வரும். டாக்டரப் பாத்து டெஸ்ட் பண்ற வரைக்கும் எறாலும் நண்டும் வேண்டாம், சிப்பியும் கணவாயும் கூட வேண்டாம், அதுலயும் இதே வகைப் புரதம் இருக்கு. மீன் வேற சாதி, இதுவரைக்கும் தொந்தரவு இல்லன்னா மீன் தின்னலாம். மூச்சு முட்டினாலோ, தொண்டை அடைச்சாலோ, தலை சுத்தினாலோ காத்திருக்கக் கூடாது, அப்ப போட வேண்டியது அட்ரினலின் ஊசி, அது ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. "கொஞ்சமா தின்னு பழக்கிருவோம்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க, எங்க குடும்பத்துலயே ஒருத்தரு அப்படிப் பழக்கப் போயி ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோ தேடினோம்.

கன்னியாகுமரியில இருந்து: எறாலும் மோரும் சேர்த்துத் தின்னா வெள்ளை விழுமா?

விழாது. தோலுக்கு நிறம் குடுக்கிற செல்லு அழியிறதால வர்றது வெண்புள்ளி, மோருக்கும் எறாலுக்கும் அதுல ஒரு வேலையும் இல்ல.

குழித்துறையில இருந்து ஒரு வாசகர்: யூரிக் ஆசிட் 8.4. கால் பெருவிரல் ரெண்டு தடவ வீங்கி நடக்க முடியாமப் போச்சு. டாக்டர் எடை குறைக்கச் சொல்றாரு. நண்டு, சிப்பி தின்னலாமா?

உங்களுக்கு மட்டும் இந்தப் பக்கத்துல இருக்கிற மத்த பதிலெல்லாம் பொருந்தாது அண்ணே. சிப்பி, எறால், நண்டு எல்லாத்துலயும் ப்யூரின் இருக்கு, அது உடைஞ்சுதான் யூரிக் ஆசிட் ஆகுது. 6.8க்கு மேல போனா மூட்டுல உப்புப் பரல் மாதிரி படிய ஆரம்பிக்கும், டாக்டர்மார் 6க்குக் கீழ கொண்டு வரத்தான் பாப்பாங்க. அது வரைக்கும் ஓடு உள்ளது வேண்டாம், மத்தி, நெத்திலியும் குறைச்சுக்கோங்க, பீர் சுத்தமா வேண்டாம். புரதத்துக்கு முட்டை, பால், தயிர், பருப்பு இருக்கு. இன்னொண்ணு, எடை குறைக்கிறேன்னு பட்டினி கிடந்துராதீங்க. சட்டுனு எடை இறங்கினாலும், சாப்பிடாமக் கிடந்தாலும் யூரிக் ஆசிட் ஏறி விரல் திரும்ப வீங்கும். மெதுவாத்தான் இறக்கணும், தண்ணி நல்லா குடிக்கணும்.

நாகர்கோவில்ல இருந்து இன்னொருத்தர்: ராத்திரிக்கு ஹோட்டல்ல நண்டு சூப் மட்டும் குடிக்கிறேன். எடை குறையலயே?

அதுல நண்டு எவ்வளவு இருந்துச்சு, சோளமாவு எவ்வளவு இருந்துச்சு? கரண்டி நட்டமா நிக்கிற அளவுக்குக் கட்டியா இருந்தா அது நண்டு சூப் இல்ல, மாவுக்கஞ்சி. அப்புறம் சூப் "மட்டும்"னு எழுதியிருக்கீங்க, கூட வந்த வெண்ணெய் தடவின பன்ன கணக்குல சேத்தீங்களா?

தேங்காய்ப்பட்டணத்துல இருந்து ஒரு வாசகி: எங்க பக்கம் ஜூன், ஜூலை ரெண்டு மாசமும் விசைப்படகு போகாது, கடலும் கெடந்து கொந்தளிக்கும், சிப்பிக்கும் ஆளு இறங்க முடியாது. அப்ப எறால் கருவாடுதான். டயட்டுல இருந்துட்டு கருவாடு தின்னா மறுநாள் காலையில மெஷின்ல ஒரு கிலோ கூடக் காட்டுது. கருவாடு அவ்வளவு கொழுப்பா?

கொழுப்பு இல்ல மக்களே, உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்பு போதும்ங்காங்க, கருவாட்டுக் கறி ஒரு கோப்பையிலயே அதுல பெரிய பங்கு போயிரும், மிச்சத்துக்கு ஊறுகாயும் அப்பளமும் இருக்கு. அந்த உப்பு உடம்புல தண்ணியப் பிடிச்சு வைக்கும், மெஷின் காட்டுறது அந்தத் தண்ணியத்தான். ஒரே ராத்திரியில ஒரு கிலோ கொழுப்பு ஏறணும்னா உடம்புக்கு வேண்டியதுக்கு மேல ஏழாயிரம் கலோரிக்கும் கூடத் தின்னிருக்கணும், கருவாட்டுல அது முடியாது.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கு, கிழக்குப் பக்கம் மீன்பிடித் தடை ஏப்ரல் 15ல தொடங்கி ஜூன் 14ல முடிஞ்சிரும், உங்க பக்கம் ஜூன் 1ல இருந்து ஜூலை 31. ஜூன் பாதிக்கு மேல கிழக்குப் பக்கத்துச் சின்னமுட்டத்துல படகு போகும், அங்க இருந்து வர்ற எறால் நம்ம சந்தைகளுக்கும் வரும், விலை கூடத்தான் இருக்கும். வாரத்துக்கு ஒருக்கா அத வாங்குங்க. மிச்ச நாளுக்கு கருவாடுன்னா கொதிதண்ணியில பத்து நிமிஷம் போட்டு அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, இன்னொரு தண்ணியில அலசிப் பிழிஞ்சு, கறியில தனியா உப்பே போடாம, வழுதலங்காயோ முருங்கைக்காயோ கூட்டி வைங்க. பிரஷர் இருந்தா கருவாடு மாசத்துக்கு ஒரு தடவைக்கு மேல வேண்டாம். கருவாடு தின்ன மறுநாள் மெஷின்ல ஏறாதீங்க, மூணாம் நாள் காலையில ஏறுங்க.